நவீன நடன நிகழ்ச்சிக்கு முதன்முறையாகச் செல்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நண்பர் ஒருவர் உங்களுக்கும் சேர்த்து நவீன நடன நிகழ்ச்சி ஒன்றுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டார். நீங்களோ இத்தகைய நடனத்தை நேரில் பார்த்ததே இல்லை. முன்கூட்டியே தயாராகலாம் என்று இணையத்தில் சில காணொளிகளைப் பார்த்திருக்கிறீர்கள். அவற்றில் ஆட்கள் தரையில் புரளுகிறார்கள், காரணமில்லாமல் ஓடுகிறார்கள், சில நேரம் சும்மா நிற்கிறார்கள், கதையும் இல்லை, இசைக்கும் ஆட்டத்துக்கும் பொருத்தமும் இல்லை. ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதைவிடப் போகாமலே இருந்துவிடலாமா, போனால் எதைப் பார்ப்பது, எப்போது கைதட்டுவது என்பவை உங்கள் கேள்விகள்.

அவசியம் போங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நடன நிகழ்ச்சிகளுக்கு மேடை விளக்கமைப்புப் பணி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காணொளியில் உங்களுக்குப் பிடிபடாமல் போனதற்குக் காரணம் உங்கள் அறியாமை அன்று. இந்த நடனத்தில் முதலில் பார்க்க வேண்டியது உடலின் எடை. அந்த எடையைத்தான் திரை காட்டாது. திரையில் ஒருவர் விழுந்தால் ஓர் உருவம் மேலிருந்து கீழே நகர்வதாகத் தெரியும். அரங்கில் அதே ஆள் விழும்போது தரை அதிரும் ஓசை கேட்கும், மூச்சு வெளியேறுவது கேட்கும், எழுவதற்கு முன் அந்த உடல் எடுத்துக்கொள்ளும் அரை நொடித் தயக்கம் தெரியும். ஒளிப்பதிவுக் கருவி உங்களுக்காக ஒரு முகத்தையோ கையையோ தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது. மேடையில் ஆறு பேர் ஆறு வேலை செய்துகொண்டிருக்க, எங்கே பார்ப்பது என்ற தேர்வு உங்களிடமே விடப்படுகிறது. முதலில் அது திணறலாக இருக்கும். பிறகு அதுவே சுவையாகிவிடும்.

தரையில் புரளுவதைச் சற்று எரிச்சலோடு குறிப்பிட்டிருந்தீர்கள். இந்தக் கலையின் பிறப்பே அந்தப் புரளலில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாலே என்ற ஐரோப்பிய மரபு நடனம், உடலுக்கு எடையே இல்லை என்று நம்ப வைப்பதற்காகத் தன் பயிற்சி முழுவதையும் செலவிட்டது. கால்விரல் நுனியில் நிற்பதற்கென்றே செய்யப்பட்ட காலணி அதன் உச்சம். அமெரிக்க நடனக்கலைஞர் இசடோரா டங்கன் அந்தக் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலுடன் ஆடினார். அவருக்கு அடுத்த தலைமுறையில், 1926இல் தன் குழுவைத் தொடங்கிய மார்த்தா கிரஹாம், மூச்சை வெளியே விடும்போது வயிறும் முதுகும் உள்வாங்குவதையும் மீண்டும் மூச்செடுக்கையில் அவை விரிவதையும் எடுத்துக்கொண்டு, சுருங்குதல், தளர்தல் என்ற இரண்டின் மீது ஒரு முழு நடனமுறையையே கட்டியெழுப்பினார். அதே காலத்தவரான டோரிஸ் ஹம்ஃப்ரி, நிமிர்ந்து நிற்கும் நிலைக்கும் முழுதாக விழுந்து கிடக்கும் நிலைக்கும் நடுவே உடல் படும் பாட்டையே நடனம் என்று கொண்டார். ஜெர்மனியில் மேரி விக்மனின் சூனியக்காரி நடனம் 1914இல் பிறந்து, 1926இல் புது வடிவம் பெற்றது. இன்று எஞ்சியிருக்கும் அதன் சிறு படத்துணுக்கில் அவர் முகமூடி அணிந்து, தரையில் அமர்ந்தபடியே ஆடுகிறார். அமர்ந்திருக்கும் ஓர் உடலால் எவ்வளவு அச்சத்தை எழுப்ப முடியும் என்பதை அதில் பார்க்கலாம். ஆக, தரை இவர்களுக்கு வெறும் நிற்கும் இடம் அன்று. கூட ஆடும் துணை.

இதை அறிந்துகொண்டு போனால் கதையைத் தேடும் பழக்கம் சற்றே தளரும். நம்முடைய கண், முத்திரை ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு என்று பழகிய கண். கை ஒரு விதமாக மடங்கினால் மான், வேறு விதமாக விரிந்தால் மலர் என்று வாசித்துப் பழகியவர்கள், நவீன நடனத்திலும் அப்படி ஓர் அகராதி எங்கோ இருக்கிறது, அது தமக்கு மட்டும் தரப்படவில்லை என்று எண்ணிக் கூச்சப்படுகிறார்கள். அப்படி ஓர் அகராதி கிடையாது. பரதத்தில் தேர்ந்த சந்திரலேகா 1985இல் ‘அங்கிகா’வை அமைத்தபோது, பரதத்தோடு யோகத்தையும் களரியையும் சேர்த்து, தெய்வக் கதைகளை ஒதுக்கிவிட்டு, முதுகெலும்பையும் கால்களின் ஊன்றலையும் முன்னால் கொண்டுவந்தார், அபிநயம் தேடி வந்தவர்களுக்கு முதலில் அது வறட்சியாகவே பட்டிருக்கும்.

கிரஹாம் 1930இல் ஆடிய ‘லாமென்டேஷன்’ (புலம்பல்) என்ற தனிநடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெஞ்சு. அதன் மேல் குழாய் போலத் தைத்த, இழுபடும் துணிக்குள் ஒரு பெண். முகமும் கைகளும் பாதங்களும் மட்டுமே வெளியே தெரிகின்றன. அவர் பெரும்பாலும் அந்தப் பெஞ்சை விட்டு எழுவதே இல்லை. முழங்கை ஒரு பக்கம் தள்ள, முழங்கால் மறுபக்கம் தள்ள, துணி விறைத்துக் கூர்மையான கோடுகளாக மாறுகிறது. உள்ளே இருப்பவர் தன் தோலைவிட்டே வெளியேற முயல்வது போல இருக்கிறது. யார் இறந்தார், இவர் தாயா, மனைவியா என்ற விவரம் எதுவும் தரப்படவில்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் துணியின் இழுப்பு கூடப்போவதில்லை, குறையப்போவதும் இல்லை. துக்கத்துக்கு என்ன காரணம் என்பதை விட்டுவிட்டு, துக்கம் ஓர் உடலை எப்படிப் பிடித்து முறுக்குகிறது என்பதை மட்டும் அந்தப் படைப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்க்கப்போகும் நிகழ்ச்சியிலும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த உடலை எது இழுக்கிறது, இவர் எதற்கு இடம் கொடுக்கிறார், எதை எதிர்க்கிறார்?

இதற்குப் பயிற்சி வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். பார்ப்பவரின் தசைகளும் மேடையில் நிகழும் அசைவுக்கு உள்ளூர எதிரொலிக்கின்றன, நடனம் அந்த வழியாகத்தான் பார்வையாளரை வந்தடைகிறது என்று அமெரிக்க நடன விமர்சகர் ஜான் மார்ட்டின் 1930களிலேயே வாதிட்டார். லண்டன் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பாலே கலைஞர்களுக்கும் பிரேசிலின் தற்காப்பு ஆட்டமான கபோய்ராவை ஆடுபவர்களுக்கும் இரு வகை அசைவுகளையும் காட்டியபோது, அவரவர் பயின்ற அசைவைக் கண்டபோதுதான் மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பயிலாதவனுக்கு ஒன்றும் எட்டாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. நடப்பது, தடுக்கி விழுவது, ஒருவர் மேல் சாய்வது, பாரம் சுமப்பது ஆகிய எல்லாவற்றிலும் நாம் ஒவ்வொருவரும் பிறந்தது முதல் பயிற்சி பெற்றவர்கள்தாம். நவீன நடனம் பெரும்பாலும் இந்தச் சரக்கைக் கொண்டுதான் வேலை செய்கிறது. அரங்கில் ஏதோ ஒரு தருணத்தில் நீங்கள் அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதையோ நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருப்பதையோ கவனிப்பீர்கள். உங்களுக்குப் புரியத் தொடங்கிவிட்டது என்று அப்போது வைத்துக்கொள்ளலாம்.

இசைப் பொருத்தம் பற்றி. இதில் ஒரே விதி கிடையாது என்பதே பலரைக் குழப்புகிறது. நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் பல ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றினார்கள். நடனமும் இசையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிகழும், அதற்கு மேல் ஒன்றையொன்று சார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட உடன்பாடு. எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பேசி வைத்துக்கொண்டு தனித்தனியே உருவாக்குவார்கள். பல படைப்புகளில் நடனக்கலைஞர்களே முதல் நிகழ்ச்சியன்றுதான் இசையைக் கேட்டார்கள். எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு வர வேண்டும் என்பதைக் கன்னிங்ஹாம் நாணயம் சுண்டி முடிவு செய்ததும் உண்டு. இதற்கு நேர்மாறாக, ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1982இல் அமைத்த ‘ஃபாஸ்’ ஸ்டீவ் ரைக்கின் இசையோடு நகமும் சதையுமாக இருக்கிறது: ஒரே இசைத்துணுக்கை இரண்டு பியானோக்கள் வாசிக்க, ஒன்று மெல்ல மெல்ல முந்திச் சென்று விலகுவது போலவே, ஒன்றாகச் சுழன்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள் மயிரிழை மயிரிழையாக ஒருவரிடமிருந்து ஒருவர் விலகி, பிறகு மீண்டும் சேருகிறார்கள். எனவே முதல் ஐந்து நிமிடங்களில் ஒன்றை மட்டும் கணித்துக்கொள்ளுங்கள்: இங்கே கால்கள் இசையைக் கேட்கின்றனவா, இல்லையா? இல்லை என்று தெரிந்துவிட்டால் தாளம் போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, காலடி ஓசையையும் மூச்சையும் கேளுங்கள்.

சும்மா நிற்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1957இல் அமெரிக்க நடன அமைப்பாளர் பால் டெய்லர் தன் நிகழ்ச்சியில் ஓர் உருப்படி முழுவதும் அசையாமல் நின்றார். உடன் இருந்த பெண் அசையாமல் அமர்ந்திருந்தார். விமர்சகர் லூயிஸ் ஹோர்ஸ்ட் அதற்கு எழுதிய மதிப்புரை வெறும் வெள்ளைத்தாளாக அச்சானது. கேலிக்காக இன்றும் சொல்லப்படும் கதை இது. ஆனால் அதே டெய்லர் 1975இல் நடை, ஓட்டம், சறுக்கல், விழுதல் போன்ற அன்றாட அசைவுகளைக் கொண்டே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசைக்கு ‘எஸ்ப்ளனேட்’ என்ற படைப்பை அமைத்தார். நவீன நடனத்தில் மிக அதிகமாக விரும்பப்படும் படைப்புகளில் அதுவும் ஒன்று. நிற்பதும் நடப்பதும் என்ன செய்யும் என்று பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவருக்கே அது கைவந்தது என்பது என் கருத்து. 1960களில் நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய கலைஞர்கள் இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டுசென்றார்கள். ஈவான் ரெய்னர் 1966இல் அமைத்த ‘ட்ரியோ ஏ’யில் ஆடுபவர் பார்வையாளர்களை ஒருமுறைகூட நேருக்கு நேர் பார்ப்பதில்லை. உங்கள் நிகழ்ச்சியிலும் யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்காமல் போகலாம். அதை அலட்சியம் என்று கொள்ள வேண்டாம்.

எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு நான் புதியவர்களுக்குச் சொல்லும் வழி எளிமையானது. ஒரு பகுதி முழுவதும் ஒரே ஒரு கலைஞரை மட்டும் பின்தொடருங்கள். அவர் நடுவில் ஆடும்போது மட்டுமல்லாமல், ஓரமாக நின்று காத்திருக்கும்போதும் பாருங்கள். அடுத்த பகுதியில் யாரையும் பின்தொடராமல், மேடையின் எந்த மூலை காலியாக இருக்கிறது, எது நிறைகிறது என்று பாருங்கள். மூன்றாவதாக, எது திரும்பி வருகிறது என்று பாருங்கள். கதை இல்லாத நடனத்தில் பொருள் பெரும்பாலும் இந்தத் திரும்பி வருதலில்தான் திரளுகிறது. பீனா பௌஷ் 1978இல் அமைத்த ‘கஃபே முல்லர்’ என்ற படைப்பில் ஓர் ஆணும் பெண்ணும் இறுகத் தழுவி நிற்கிறார்கள். மூன்றாமவர் ஒருவர் வந்து, அவர்கள் கைகளைப் பிரித்து, தாம் நினைத்தபடி மாற்றி அமைத்து, பெண்ணைத் தூக்கி ஆணின் கைகளில் கிடத்திவிட்டுப் போகிறார். ஆணின் கைகள் தொய்கின்றன. பெண் தரையில் விழுகிறாள். எழுந்து மீண்டும் அவனைத் தழுவுகிறாள். மூன்றாமவர் திரும்பி வருகிறார். இதே காட்சி மறுபடி மறுபடி, ஒவ்வொரு முறையும் வேகம் கூடி நடக்கிறது. கடைசியில் மூன்றாமவர் இல்லாமலே அந்த இருவரும் எல்லாவற்றையும் தாங்களாகவே செய்துகொள்கிறார்கள். முதல் முறை பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. ஐந்தாம் முறை வருவதில்லை. வேகம் கூடியதைத் தவிர அசைவில் மாற்றமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த நாம்தான் மாறியிருக்கிறோம். பௌஷ் 1975இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ என்ற இசைக்கு நடனம் அமைத்தபோது மேடை முழுவதும் மண் பரப்பினார். ஆட ஆட அந்த மண் வியர்வையில் ஒட்டி உடலையும் உடையையும் கறையாக்கும். அரை மணி நேர உழைப்பின் கணக்கு அந்தத் தோலிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இருக்கை பற்றி, என் தொழிலை ஒட்டி, சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் வரிசைதான் சிறந்தது என்று நினைத்துப் பலர் அதிகப் பணம் கொடுக்கிறார்கள். மேடை உயரமாக இருக்கும் அரங்கில் முதல் இரண்டு மூன்று வரிசைகளிலிருந்து பார்த்தால் பாதங்களும் தரையில் நிகழ்பவையும் மறைந்துவிடும். குழுவாக ஆடும்போது உருவாகும் கோலமும் தெரியாது. மேடைத் தரையைச் சற்றே கீழ்நோக்கிப் பார்க்கும்படியான நடு வரிசைகளோ மாடியின் முன்வரிசையோ நல்லவை. ஓர இருக்கையிலிருந்து பார்த்தால் ஒருபக்கத்து ஓரத்திரைக்குப் பின்னால் கலைஞர்கள் மூச்சு வாங்குவதும் தண்ணீர் குடிப்பதும் தெரியும், மறுபக்கத்து மேடை தெரியாது. நடனத்துக்கு நாங்கள் விளக்குகளை முன்பக்கத்திலிருந்து அதிகம் வைப்பதில்லை. இரு பக்கமும் கணுக்கால், இடுப்பு, தலை உயரங்களில் வைப்போம். முன்னாலிருந்து விழும் ஒளி முகத்தைக் காட்டி உடலைத் தட்டையாக்கிவிடும். பக்கவாட்டு ஒளியோ தசையையும் முதுகையும் சிலை போலச் செதுக்கிக் காட்டும். மார்த்தா கிரஹாமின் படைப்புகளுக்கு நெடுங்காலம் விளக்கமைத்த ஜீன் ரோசென்தால் இந்தக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். முகம் இருட்டாக இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம். பெரும்பாலும் அது வேண்டுமென்றே செய்தது. இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய இருட்டில் ஒரே ஒரு கைப்பேசித் திரை ஒளிர்ந்தாலும் பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டுமல்ல, மேடையில் இருப்பவருக்கும் தெளிவாகத் தெரியும். ஒலியை நிறுத்தினால் போதாது. அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நிகழ்ச்சி தனித்தனி உருப்படிகள் மூன்று நான்கு கொண்டதா, அல்லது இடைவேளை இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடரும் ஒரே படைப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை என்றால், தாமதமாக வருபவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். கண்ணைக் கூசவைக்கும் துடிப்பு ஒளி, புகை, உரத்த ஒலி, ஆடையின்மை ஆகியவை இருந்தால் அறிவிப்பில் குறிப்பிட்டிருப்பார்கள். வலிப்பு நோயோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் உடன் வந்தால் அதை அவசியம் படியுங்கள். அறிவிப்பில் நவீன நடனம் என்று இருந்தாலும் சமகால நடனம் என்று இருந்தாலும் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்; ஆய்வாளர்கள் வேறுபாடு சொல்வார்கள், சுவரொட்டிகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். நிகழ்ச்சிக் குறிப்பில் தலைப்பு, நேரம், பெயர்கள் ஆகியவற்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட்டு, விளக்கத்தை முடிந்த பின் படிப்பதே நல்லது என்பேன். அந்த விளக்கங்களில் பல, படைப்பு உருப்பெறுவதற்கு முன்பே நிதி கேட்டு எழுதப்பட்டவை. மேடையில் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு அறுந்து போயிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பௌஷின் தொடக்க ஆண்டுகளில், அவர் குழு இயங்கிய ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துப் பார்வையாளர்களில் பலர் நடுவிலேயே எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்கள். நானே ஓர் ஒத்திகையின்போது விளக்குப் பலகைக்குப் பின்னால் அமர்ந்தபடி தூங்கியிருக்கிறேன். படைப்பின் மீதும் தவறு இருந்தது, முந்தைய இரவு வேலையின் மீதும் இருந்தது. மோசமான நடனங்கள் ஏராளம். புகையும் அதிரும் ஒலியும் உடலைவிட முந்தி நின்றால், எல்லோரும் எல்லா அசைவையும் ஒரே அழுத்தத்தில் செய்துகொண்டே போனால், விழும்போதுகூட எடை தெரியாமல் அழகாக விழுந்தால், குறை உங்களிடம் இல்லை.

கைதட்டலுக்கு வருகிறேன். பகுதிகளுக்கு இடையே விளக்கு அணைந்து மீண்டும் எரியக்கூடும், அது முடிவன்று. தனித்தனி உருப்படிகள் என்றால் ஒவ்வொன்றின் முடிவிலும் தட்டலாம். ஐயமாக இருந்தால், கலைஞர்கள் வரிசையாக வந்து வணங்கும்வரை காத்திருங்கள். தாமதமாகத் தட்டியவரை யாரும் குறை சொன்னதில்லை. ஓஹாட் நஹாரினின் ‘மைனஸ் 16’ போன்ற சில படைப்புகளில் கலைஞர்கள் கீழே இறங்கி வந்து பார்வையாளர்களை மேடைக்கு அழைத்துச் செல்வார்கள். விருப்பமில்லையென்றால் தலையசைத்து மறுத்துவிடலாம்.

நிகழ்ச்சிக்குப் பின் கலைஞர்களுடன் உரையாடல் இருந்தால் இருந்து கேளுங்கள். ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டால் அவர்கள் நெளிவார்கள். ‘அந்தக் குறிப்பிட்ட அசைவு எப்படிப் பிறந்தது’ என்று கேட்டால் மனம் திறந்து பேசுவார்கள். பௌஷ் தன் கலைஞர்களிடம் கேள்விகளைக் கேட்டு, அவர்கள் சொல்லியும் செய்துகாட்டியும் தந்த விடைகளிலிருந்தே படைப்புகளைத் தொகுத்தார். ஒவ்வோர் அசைவுக்குப் பின்னாலும் அப்படி ஏதோ ஒரு பணிமுறை இருக்கும். வீடு திரும்பும் வழியில் நண்பரிடமும் அவர் யாரைப் பின்தொடர்ந்தார் என்று கேளுங்கள். அருகருகே அமர்ந்திருந்த இருவரும் வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் பார்த்திருப்பது தெரியவரும்.

அதற்கு முன், நுழைவுச்சீட்டில் வரிசை எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வரிசைகளில் ஒன்றாக இருந்தால், மாற்றிக்கொள்ள முடியுமா என்று நண்பரை இன்றே விசாரிக்கச் சொல்லுங்கள்.